தரையில் ஒரு சொட்டும் விழாத கூலன்ட் ஒழுக்கு: திருகோணமலையில் என் அனுபவம்

கார் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் குறைகிறது, ஆனால் எங்கே போகிறதென்று தெரியவில்லை என்று தவிப்பவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். ஹெட் காஸ்கட்தான் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்பாகமான ஹெட்டுக்கும் நடுவில் ஒழுகாமல் அடைக்கும் தகடு) என்று முடிவுகட்டி எஞ்சினைத் திறக்க முன்னர் இதை ஒருமுறை வாசியுங்கள்.

என்னுடையது 1997ஆம் ஆண்டு ஜப்பான் கார், 1500 சிசி பெற்றோல். கடந்த வருடம் சூடான கச்சான் காற்று தொடங்கிய நேரம்தான் கவனித்தேன். ரேடியேற்றருக்குப் பக்கத்தில் இருக்கும் போத்தலில் தண்ணீர் மட்டம் கிழமைக்கு அரை லீட்டர் அளவு இறங்கிக்கொண்டிருந்தது. காருக்கு அடியில் பார்த்தால் தரை காய்ந்து கிடக்கும். அட்டை விரித்துப் பார்த்தேன், அதிலும் ஈரமில்லை. எப்போதாவது உப்புவெளிப் பக்கம் போய் வந்து நிறுத்தும்போது மட்டும் லேசான ஓர் இனிப்பு மணம் வரும். அந்த மணத்தை அப்போதே பெரிதாக எடுத்திருக்க வேண்டும்.

முதலில் போன கராஜில் ரேடியேற்றர் மூடியை மாற்றினார்கள். பிறகு மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், கிளிப்புகள். குறைவது நிற்கவில்லை. கடைசியில் "ஹெட் காஸ்கட் போய்விட்டது, ஹெட்டைக் கழற்ற வேண்டும்" என்றார்கள். மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றினால் அடைபடும் என்று சொன்ன நண்பரும் உண்டு. நான் ஊற்றவில்லை. ரேடியேற்றரின் குழாய்கள் மிக ஒடுக்கமானவை. ஒழுக்கை அடைக்கும் பொருள் அவற்றையும் அடைத்துவிடும்.

ஹெட் காஸ்கட் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. ஒயில் மூடிக்கு அடியில் பால் போன்ற படிவு இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை இல்லை. மூடியைத் திறந்து வைத்து ஆறிய எஞ்சினை ஓட விட்டுப் பார்த்தேன், குமிழியும் தொடர்ந்து வரவில்லை. இந்த மூன்றும் இல்லை என்றால் காஸ்கட் நல்லது என்று சத்தியம் பண்ண முடியாதுதான். ஆனாலும் ஹெட்டைக் கழற்ற இன்னும் நேரமிருக்கிறது என்றே பட்டது.

அந்த நேரம்தான் ஹபரணையில் இருந்து திரும்பி வரும்போது கந்தளாய்க்குக் கிட்ட வெப்பமுள் ஏறத் தொடங்கியது. ஏசியை நிறுத்திவிட்டு, அந்தக் கச்சான் வெக்கைக்குள் ஹீற்றரை முழு வேகத்தில் போட்டேன். ஹீற்றர் என்பது உள்ளே இருக்கும் ஒரு சிறிய ரேடியேற்றர். எஞ்சின் சூட்டின் ஒரு பங்கை அது காருக்குள் கொண்டுவந்து கொட்டிவிடும். சட்டை முழுக்க நனைந்தது, ஆனால் முள் கொஞ்சம் இறங்கியது. குளத்துப் பக்கம் மர நிழலில் நிறுத்தி, பொனட்டை மட்டும் திறந்துவிட்டு முக்கால் மணித்தியாலம் காத்திருந்தேன். ரேடியேற்றர் மூடியில் கை வைக்கவே இல்லை. அழுத்தத்தில் இருக்கும்வரை 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும் தண்ணீர், மூடியைத் திறந்த அந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும்.

வீட்டுக்கு வந்ததும் கிண்ணியாவில் ரேடியேற்றர் வேலை செய்யும் ஒரு நானாவுக்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "சூடா இருக்கக்குள்ள பார்த்து என்ன செய்யிற தம்பி? ராவு நிப்பாட்டி வைங்க. காலையில ஸ்டார்ட் பண்ணாதீங்க, நான் வாறன்."

சொன்னபடி விடியவே பாலம் கடந்து மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். கையில் பிரஷர் ரெஸ்டர். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்ப் போல ஒன்று, நுனியில் ரேடியேற்றர் வாயில் பூட்டும் மூடி, மேலே ஒரு மீற்றர். என் ரேடியேற்றர் மூடியில் அது தாங்கும் அழுத்தம் 0.9 என்று அடித்திருந்தது. அந்த அளவுக்கு மேல் போகாமல் பம்ப் செய்துவிட்டு, பிளேன்ரீ கேட்டார். பத்து நிமிடத்தில் முள் 0.7க்கு வந்திருந்தது. எஞ்சின் பச்சைத் தண்ணீர் போல ஆறிக் கிடக்கிறது, ஆனால் அழுத்தம் இறங்குகிறது. அப்படியென்றால் ஏதோ ஓர் இடத்தில் இப்போதே வெளியே வந்துகொண்டிருக்க வேண்டும்.

வோட்டர் பம்ப் ஒழுகினால் தண்ணீர் வெளிவரும் அடித்துளை காய்ந்திருந்தது. ஹோஸ் மூட்டுகள் காய்ந்திருந்தன. கார் கம்பளத்துக்குக் கீழே கை விட்டுப் பார்த்தோம், ஹீற்றர் பக்கமும் ஈரமில்லை. பிறகு அவர் சவரம் செய்யும் சின்னக் கண்ணாடியைக் கேட்டார். அதை ஒரு கம்பியில் கட்டி, எஞ்சின் புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸோஸ்ட் மெனிஃபோல்டுக்குக் கீழே நுழைத்து, என்னை போன் வெளிச்சத்தைப் பிடிக்கச் சொன்னார். எஞ்சின் பிளாக்கில் ஒரு ரூபாய்க் குற்றிபோல வட்டமான தகட்டு மூடி. அதன் கீழ் விளிம்பில் வெண்பச்சையாக உப்புப் பூத்த ஒரு கோடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடுகளவு நீர்மணியொன்று அதில் ஊறி, மிளகளவுக்குப் பருத்து, மெனிஃபோல்டின் மேல் விழுந்தது. இரண்டு மாதம் தேடிய ஒழுக்கு அதுதான்.

அதற்குப் பெயர் கோர் பிளக். பிளாக்கை வார்க்கும்போது உள்ளே இருக்கும் மணலை எடுக்க விடும் துளைகளை மூடும் தகடு. நானா விளக்கியபோதுதான் தரை ஏன் காய்ந்தே இருந்தது என்று விளங்கியது. கார் ஓடும்போது அழுத்தம் இருக்கிறது, ஒழுகுகிறது, ஆனால் சொட்டு விழுவது கொதிக்கும் மெனிஃபோல்டின் மேல், விழுந்தவுடன் ஆவி. விடிய எஞ்சின் ஆறிவிட்டது, ஆனால் அழுத்தமும் போய்விட்டது, ஒழுக்கும் நின்றுவிட்டது. நாங்கள் எந்த நேரம் குனிந்து பார்த்தாலும் அது அகப்படாது. ஆறிய எஞ்சினுக்கு அழுத்தம் கொடுத்தால் மட்டும்தான் அகப்படும்.

தகட்டை மாற்றுவது பெரிய வேலையில்லை, அதன் முன்னால் நிற்பதைக் கழற்றுவதுதான் வேலை. கடற்காற்றில் மெனிஃபோல்ட் நட்டுகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. முதல் நாள் மாலை துருவை இளக்கும் எண்ணெய் தெளித்து ஊறவிட்டு, மறுநாள்தான் அசைத்தோம். தகட்டின் ஒரு விளிம்பில் உளி வைத்துத் தட்ட, அது குறுக்கே திரும்பியது. குறட்டால் பிடித்து இழுத்தார். உள்ளே விழுந்துவிடக் கூடாது என்பதில் மிகக் கவனமாக இருந்தார். துளையின் உட்புறத்தை அரத்தாளால் தேய்த்து, பசை பூசி, பித்தளை பிளக்கை வைத்து, அளவான சொக்கெற்றால் நேராகத் தட்டி இறக்கினார். அந்தப் பக்கத்தில் இருந்த மற்ற பிளக்குகளையும் மாற்றச் சொன்னேன், மெனிஃபோல்டை இரண்டாம் தரம் கழற்ற மனமில்லை.

பிளாக்கில் இருந்து வடிந்தது பச்சை இல்லை, தேயிலைச் சாய நிறம். எனக்கு முன்னர் வைத்திருந்தவர் வருடக்கணக்காகக் கிணற்றுத் தண்ணீரே ஊற்றியிருக்க வேண்டும். எங்கள் கரையோரக் கிணறுகள் பலவற்றில் உவர்ப்பு இருக்கிறது. துருவைத் தடுக்கும் மருந்து கூலன்டில்தான் உண்டு, வெறும் தண்ணீரில் இல்லை. தகடு உள்ளிருந்து வெளியே அரித்திருந்தது. இப்போது பாதிக்குப் பாதி கூலன்டும் காய்ச்சி வடித்த நீரும்தான் ஊற்றுகிறேன்.

இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். வடித்த கூலன்டை நிலத்தில் விடாதீர்கள், தட்டத்தில் பிடித்து மூடி வையுங்கள். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கோல் இனிக்கும், குடித்த பிராணியின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும். நாய் பூனை மட்டுமில்லை, கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் எங்கள் தெருக்களில்தான் மேய்கின்றன.

எல்லாம் பூட்டிய பிறகு நானா மறுபடியும் 0.9க்கு பம்ப் செய்துவிட்டு, அரை மணித்தியாலம் திண்ணையில் இருந்தார். முள் அசையவில்லை. போகும்போது கழற்றிய தகட்டை என் கையில் தந்து வெயிலுக்கு நேரே பிடிக்கச் சொன்னார். ஊசிமுனையளவு வெளிச்சம் ஒன்று அதனூடாக வந்தது.

ஒன்பது மாதமாகிறது. நேற்றுக் காலையும் போத்தலைப் பார்த்தேன். முழு அடையாளத்துக்கு ஒரு நூல் கீழே, வைத்த இடத்தில் நிற்கிறது.