புதுப்பிப்பு: கணக்கு ஷீட்டில் என்ஏவி வராத நான்கு ஃபண்டுகள், காரணம் தெரிந்தது

மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியின் தினசரி என்ஏவி (ஒரு யூனிட்டின் மதிப்பு) கோப்பை எக்செலில் இறக்கியும் நான்கு ஃபண்டுகளுக்கு மட்டும் மதிப்பு வரவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். நான்கும் இப்போது சரியாகிவிட்டன. காரணம் ஒன்றல்ல, மூன்று.

இரண்டு ஃபண்டுகளை ஸ்கீம் பெயரை வைத்துத் தேடியதுதான் தவறு. 2021 ஏப்ரலில் 'டிவிடெண்ட்' ஆப்ஷனின் பெயர் 'ஐடிசிடபிள்யூ' (வருமானப் பங்கீடும் மூலதனத்தை எடுப்பதும் சேர்ந்தது) என்று ஆனது. ஷீட்டில் பழைய பெயரே இருந்தது. பெயர் மாறும், ஒரு இடைவெளி கூடினாலும் பொருந்தாது. ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் உரிய அடையாள எண்ணான ஐஎஸ்ஐஎன்னை வைத்தே தேடுங்கள்.

மூன்றாவதில் ஐஎஸ்ஐஎன் சரி, ஆனாலும் 'கிடைக்கவில்லை' என்று பொருள்படும் என்/ஏ பிழை. இதைக் கண்டுபிடிக்கத்தான் நேரம் பிடித்தது. அந்தக் கோப்பில் ஐஎஸ்ஐஎன்னுக்கு இரண்டு பத்திகள் உண்டு: இரண்டாம் பத்தியில் குரோத் (லாபம் ஃபண்டிலேயே தங்குவது), பேஅவுட் (கையில் தருவது) எண்கள், மூன்றாம் பத்தியில் ரீஇன்வெஸ்ட்மென்ட் (திரும்ப முதலீடாவது) எண்கள். தேடி மதிப்பை எடுக்கும் எக்செல் ஃபார்முலாவான விலுக்கப் இரண்டாம் பத்தியை மட்டுமே பார்த்தது. அதில் கிடைக்காவிட்டால் மூன்றாவதில் தேடும்படி, பிழை வந்தால் மாற்று வழி பார்க்கும் இஃப்எரர் ஃபார்முலா உள்ளே இன்னொரு விலுக்கப் சேர்த்ததும் மதிப்பு வந்துவிட்டது.

நான்காவது ஃபண்ட் வேறொன்றுடன் இணைக்கப்பட்டுவிட்டது. இங்கே ஐஎஸ்ஐஎன்னை மட்டும் மாற்றினால் மொத்தம் தப்பாகும். புது ஸ்டேட்மென்டில் உள்ள யூனிட் எண்ணிக்கையையும் மாற்ற வேண்டும்.

கோப்பை எக்செலில் இறக்கும்போது பத்திகளைப் பிரிக்கும் குறி அரைப்புள்ளி, காற்புள்ளி அல்ல. இன்னொன்று: கிடைக்காத மதிப்புக்கு இஃப்எரர் கொண்டு பூஜ்யம் போடாதீர்கள். பிழை கண்ணில் படாமல் மொத்தம் குறைந்து நிற்கும்.