சிறுவிடைப் பெட்டை இளைக்கிறது, இறகும் கொட்டுகிறது: எங்கே தொடங்கிப் பார்ப்பது?

பதினான்கு மாத சிறுவிடைப் பெட்டை, சிறிய நாட்டுக்கோழி வகை. புரட்டாசிக் கடைசியில் 1.4 கிலோ இருந்தது, தை பிறந்தபோது 1.05. முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு இறகு இல்லை. வாலுக்கு அடியில், ஆசனவாயைச் சுற்றியும் வெறும் தோல்தான். முட்டை நின்று ஒன்றரை மாதம். ஆனால் தீனியைக் கண்டால் முதல் ஆளாக ஓடி வருகிறது. மொத்தம் ஐந்து பெட்டை, இரண்டு சேவல். அரிசிக் குருணை, கம்பு, சமையல் மிச்சம், பகல் முழுக்க மேய்ச்சல். மற்ற நான்கும் நன்றாக இருக்கின்றன. பூச்சி மருந்தா, சத்து டானிக்கா, எதை முதலில் கொடுப்பது?

*

இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். எடை ஒரு கணக்கு, இறகு இன்னொரு கணக்கு. இரண்டையும் ஒரே நோயின் தலையில் கட்டினால் மருந்து மாறிக்கொண்டே போகும், கோழி மட்டும் தேறாது.

முதலில் கை வையுங்கள். நெஞ்செலும்பின் இருபுறமும் சதை உப்பியிருந்தால் கவலையில்லை. எலும்பு கத்தி முனை போல நீட்டிக்கொண்டு, பக்கங்கள் குழிந்திருந்தால் இளைப்பு நாள்பட்டது. பிறகு வயிற்றைத் தடவுங்கள். நெஞ்சு ஒட்டி, வயிறு மட்டும் தண்ணீர்ப் பை போல தொங்கினால் முட்டைப்பாதைக் கோளாறு. மஞ்சள் கரு வயிற்றுக்குள் இறங்கிச் சீழ் பிடித்த கோழியும் இப்படித்தான் இருக்கும். அதைத் தராசில் வைத்தால் எடை குறையாதது போலவே காட்டும், அதனால் தராசை மட்டும் நம்பக்கூடாது.

கழுத்தடியில் தீனி தங்கும் தீனிப்பையை இரண்டு வேளை பார்க்கவேண்டும். இரவு அடையும்போது நிறைந்திருக்கணும், விடிகாலை தீனிக்கு முன் காலியாக இருக்கணும். காலையிலும் கல் போல இருந்தால் வைக்கோலோ நாரோ பிளாஸ்டிக்கோ அடைத்திருக்கிறது. கொழகொழவென்று புளித்த வாடை அடித்தால் உள்ளே பூஞ்சை. இரண்டிலும் கோழி ஆசையாகக் கொத்தும், ஆனால் ஒன்றும் கீழே இறங்காது. ‘நல்லா தின்னுது, ஆனா இளைக்குது’ என்று சொல்கிறவர்கள் முதலில் பார்க்கவேண்டிய இடம் இது.

*

இறகு உதிர்ந்த இடமே பாதி பதில் சொல்லிவிடும். பருவ இறகு உதிர்வு என்றால் தலை, கழுத்தில் தொடங்கி நெஞ்சு, முதுகு, இறக்கை, வால் என்று வரிசையாக இறங்கும். உதிர்ந்த இடத்தில் முள் முள்ளாகக் குருத்திறகு எட்டிப்பார்க்கும். பகல் நீளம் குறையும் மாதங்களில் வரும், இரண்டு மூன்று மாதம் எடுக்கும், முட்டையும் நிற்கும். அதில் எடை கொஞ்சம் குறையலாம். 350 கிராம், அதாவது கால் பங்கு, போகாது. அடைக்கோழிக்கு நெஞ்சுக்கு அடியில்தான் வெறுமையாகும், அது முட்டைக்குச் சூடு படத் தானே பிடுங்கிக்கொள்வது.

உங்கள் கோழிக்கு முதுகு போயிருக்கிறது. ஐந்து பெட்டைக்கு இரண்டு சேவல் என்பதைப் படித்ததுமே காரணம் தெரிந்துவிட்டது. எட்டு, பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். சேவல் மிதித்த முதுகில் இறகின் தண்டு பாதியில் முறிந்து நிற்கும், பிடரியிலும் பிய்ந்திருக்கும். தண்டு முறிந்திருக்கிறதா, வேரோடு போயிருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள்.

ஆசனவாய்ப் பக்கம் வேறு கதை. பகல் வெளிச்சத்தில் அங்கே மிஞ்சியிருக்கும் இறகைப் பிரித்துப் பாருங்கள். வைக்கோல் நிறத்தில் ஓடினால் பேன். இறகின் அடித்தண்டில் சர்க்கரைக் கட்டி ஒட்டினாற்போல வெள்ளையாகத் திரண்டிருந்தால் அது பேன் முட்டை. கறுப்பாக, அழுக்கு அப்பியது போல இருந்து கையில் ஏறி ஊர்ந்தால் செள் என்ற பொடி ஒட்டுண்ணி.

பகலில் ஒன்றும் அகப்படவில்லை என்று விட்டுவிடாதீர்கள். ரத்தம் குடிக்கும் சிவப்புச் செள்ளும் உண்ணியும் ராத்திரி வேலைக்காரர்கள். கோழி அடைந்து இரண்டு மணி நேரம் கழித்து டார்ச்சோடு போய், கோழி ஏறி நிற்கும் கம்பின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். துணியில் ரத்தக் கோடு விழுந்தால் சிவப்புச் செள். சுவர்ப் பிளவு, ஓட்டுச் சந்து, மூங்கில் முடிச்சில் தட்டையாக, வெள்ளரி விதை அளவில் சாம்பல் நிறத்தில் ஒட்டியிருந்தால் உண்ணி. கொண்டை வெளுத்து இளைக்கும் கோழிக்கு இவை முக்கியக் காரணம். கோழியின் மேல் மருந்து போட்டு இவற்றை ஒழிக்க முடியாது, ஏனென்றால் பகலில் இவை கூட்டில்தான் இருக்கின்றன. செங்கல் கூடாக இருந்தால் கோழியை வெளியேற்றி, சந்துகளில் தீ காட்டி, பிறகு சுண்ணாம்பு அடிக்கணும். மரக்கூடு என்றால் கொதிநீர். கூட்டைச் சும்மா பூட்டிப் போட்டால் செத்துவிடும் என்ற நம்பிக்கை வேண்டாம். செள் பல மாதம், உண்ணி வருஷத்துக்கு மேலும் பட்டினி கிடக்கும்.

*

எடைக்கு வருவோம். கோழியைத் தனியாகப் பஞ்சாரத்தில் கவிழ்த்து, கீழே செய்தித்தாள் விரித்து ஓர் இரவு விடுங்கள். காலை எச்சத்தை ஈரம் காய்வதற்குள் பாருங்கள். சோற்றுப் பருக்கை போல வெள்ளைத் துண்டு கிடந்து, உற்றுப் பார்த்தால் நெளிந்தால் நாடாப்புழு. உருண்டைப்புழு அப்படி எளிதில் வெளியே தெரியாது. அதற்கு ஒரு தீப்பெட்டி அளவு எச்சத்தைக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்துப் புழு முட்டை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லணும்.

எந்தப் புழு என்று தெரியாமல் மருந்து கொடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பைப்பரசின் உருண்டைப்புழுவை மட்டும்தான் தள்ளும், நாடாப்புழு அசையாது. நாடாப்புழுவுக்கு அல்பெண்டசோல் என்றால் கிலோவுக்கு 20 மில்லிகிராம். 2.5 சதவீதக் கரைசலில் ஒரு மில்லிக்கு 25 மில்லிகிராம், ஆக 1.05 கிலோ கோழிக்கு 0.84 மில்லி. மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ஊசி கழற்றிய 1 மில்லி சிரிஞ்சில் அலகின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நாக்கின் அடிக்கு நேர் பின்னாலேயே மூச்சுத் துவாரம் இருக்கிறது, பீய்ச்சினால் நுரையீரலுக்குப் போய்விடும். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. இந்த நாட்களிலும், கடைசி மருந்துக்குப் பின் இரண்டு வாரமும் முட்டை சாப்பிடவேண்டாம்.

குருத்திறகு முளைத்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் பொறுங்கள், அல்லது நாடாப்புழுவுக்கான இன்னொரு மருந்தான பிராசிகுவான்டல் கேளுங்கள். அல்பெண்டசோல் வகையறா மருந்துகள் வளரும் இறகைச் சுருட்டிக் கோணலாக்கிவிடும்.

மேயும் கோழிக்கு நாடாப்புழு எறும்பு, வண்டு வழியாக வருகிறது. எச்சம் குவிந்த இடத்தில் அவை மொய்த்தால், மருந்து கொடுத்த மூன்றே வாரத்தில் புதுப்புழு வளர்ந்து நிற்கும். கூட்டை வாரம் இருமுறை கூட்டி, எச்சத்தை மூடிய குழியில் போடவேண்டும்.

*

மேலே பதில் எழுதிய அக்கா சொன்ன புழு சரிதான். ஆனால் நீங்கள் போடும் தீனியைக் கவனிக்காமல் விட முடியாது. குருணையில் புரதம் 8 சதவீதம், கம்பில் 11. இறகில் 85 சதவீதம் புரதம். எதைக் கொண்டு முளைக்கும்?

10 கிலோவுக்குக் கம்பு 6 கிலோ, கடலைப் புண்ணாக்கு 2.2, தவிடு 800 கிராம், உப்பில்லாத கருவாட்டுத்தூள் 500 கிராம், கிளிஞ்சல் தூள் 400 கிராம், தாது உப்புக் கலவை 100 கிராம். புரதம் ஏறத்தாழ 18 சதவீதம் வரும். சிறுவிடைக்கு ஒரு நாளைக்கு 70, 80 கிராம். முட்டையிடுகிற கோழிக்குக் கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்திலும் வையுங்கள். கருவாடு உப்புக் கருவாடாக இருந்தால் கழிச்சல் பிடிக்கும். புண்ணாக்கில் பச்சைப் பூசணம் தெரிந்தால் மாட்டுக்குப் போடலாமே என்று கூட நினைக்காதீர்கள், அதிலிருக்கும் நஞ்சு ஈரலைக் கெடுத்துக் கோழியை இளைக்க வைக்கும்.

*

எல்லாம் செய்தும் ஒரு மாதத்தில் எடை ஏறவில்லை என்றால் மருந்தால் தீராத வகையை யோசிக்கணும். இளம் கோழி கால் ஒன்று முன்னே ஒன்று பின்னே நீட்டிக் கிடந்தால் மேரக்ஸ் என்ற வைரஸ் நோய். அதற்குக் குஞ்சு பொரித்த முதல் நாள் தடுப்பூசிதான், பிறகு வழியில்லை. வயசான கோழி, நல்ல பசியோடு, மாதக்கணக்கில் எலும்பும் தோலுமாக உருகினால் காசநோயாகவும் இருக்கலாம். அதை மற்றவற்றோடு விடக்கூடாது. செத்தால் புதைத்துவிடாமல், ஐஸ் வைத்து (உறைய வைக்காமல்) மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு எடுத்துப் போனால் அறுத்துப் பார்த்துச் சொல்வார்கள். ஒரே நாளில் பல கோழி விழுந்தால் மட்டும் கையால் தொடாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

*

நீங்கள் சொன்னதெல்லாம் பார்த்தாயிற்று. தீனிப்பை காலையில் காலி, வயிறு சாதாரணம், நெஞ்செலும்பு கூர்மை. கம்பைத் துடைத்த துணி சுத்தம், உண்ணியும் இல்லை. எச்சத்தில் வெள்ளைத் துண்டு நெளிந்தது. ஆசனவாய் இறகில் பேன் முட்டைக் கட்டிகள். முதுகில் முறிந்த தண்டுகள்.

*

அப்படியானால் மூன்று வேலை. நாடாப்புழுவுக்கு மேலே சொன்ன அளவு. ஒரு சேவல் வெளியே. பேனுக்கு, முட்டைக்கட்டி ஒட்டிய இறகுகளை வெட்டி எரித்துவிட்டு, மரச்சாம்பலும் மணலும் சம அளவு கலந்து, அதில் கைப்பிடி வசம்புத்தூள் போட்டு அகலத் தொட்டியில் வையுங்கள், தானே புரளும். முதல் நாள் மட்டும் நீங்களே இறக்கைக்கு அடியிலும் வாலடியிலும் தேய்த்துவிடுங்கள். முட்டைக்குள் இருப்பது இதில் சாகாது. ஆகவே பத்தாம் நாள் ஒருமுறை, இருபதாம் நாள் ஒருமுறை. வயலுக்கு அடிக்கும் மருந்தைக் கலந்து முக்கி எடுப்பது வேண்டாம். இளைத்த கோழி தன் இறகைக் கோதிக்கொள்ளாது, அதனால்தான் மற்ற நான்கில் இல்லாத பேன் இதில் பெருகியிருக்கிறது. எடை ஏறினால் பேனும் குறையும்.

வாரம் ஒருமுறை, காலையில் தீனிக்கு முன், அதே தராசில் நிறுத்து எழுதிவையுங்கள். வாலடியில் ஆறேழு வாரத்தில் இறகு மூடிவிடும். முதுகில் அதே வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். முறிந்த தண்டு உள்ளே இருக்கும்வரை அந்தக் குழியில் புது இறகு வராது, அடுத்த இறகு உதிர்வில்தான் வரும்.