மூக்கில் வைத்த குருத்தெலும்பு நகர்ந்துவிட்டதா என்று அல்ட்ராசவுண்டில் தெரியுமா?

கேள்வி
விலாவிலிருந்து குருத்தெலும்பு எடுத்து மூக்குத் தண்டில் வைத்து ஆபரேஷன் செய்தார்கள். சில மாதம் ஆகிறது. நுனிக்குச் சற்று மேலே ஒரு மேடு தெரிகிறது. டாக்டர் “வீக்கம்தான், பொறுங்க” என்கிறார். எனக்கோ கிராஃப்ட் (வைத்த குருத்தெலும்பு) நகர்ந்துவிட்டதோ என்று பயம். சிடி ஸ்கேன் எடுக்கலாமா? அல்ட்ராசவுண்ட் வயிற்றுக்குத்தானே எடுப்பார்கள்?

பதில் 1
எனக்குக் காதுக் குருத்தெலும்பு வைத்தார்கள். நுனி வீக்கம் வடிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. தினமும் கண்ணாடி பார்க்காதீர்கள், பைத்தியம் பிடித்துவிடும்.

பதில் 2
நான் ஸ்கேன் அறையில் இருக்கும் ரேடியாலஜிஸ்ட். மூக்குக்குத் தாராளமாக அல்ட்ராசவுண்ட் எடுக்கலாம், ஆனால் வயிற்றுக்கு வைக்கும் ப்ரோப் (தோல்மேல் வைத்துப் பார்க்கும் கருவி) உதவாது. 15 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் போகும் சின்ன ப்ரோப் வேண்டும். அலைவரிசை கூடினால் ஆழம் குறையும், நுணுக்கம் கூடும். மூக்கில் நமக்கு வேண்டியது சில மில்லிமீட்டர் ஆழம்தானே.

ஜெல்லைக் குவியலாக வைத்து, ப்ரோப் தோலை அழுத்தாமல் பிடிக்க வேண்டும். அவசரப்பட்டு அழுத்தினால் வீக்கம் நசுங்கி, அளவு குறைத்துக் காட்டும். பாதி ரிப்போர்ட்டுகள் கெடுவது இங்கேதான் என்பது என் எண்ணம்.

திரையில் குருத்தெலும்பு கருமையாக, விளிம்பில் மெல்லிய வெளிச்சக் கோட்டோடு தெரியும். மூக்கெலும்பு பளிச்சென்ற கோடு, அதன் கீழே நிழல். விலாக் குருத்தெலும்பில் சுண்ணாம்பு படிந்திருந்தால் நடுவே வெள்ளைப் புள்ளிகள் மின்னும். அதைப் பார்த்து யாரும் பதற வேண்டாம்.

உங்கள் மேட்டில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: தடித்திருப்பது தோலும் அதன் அடித்திசுவுமா, அல்லது கிராஃப்டே மேலே தூக்கி நிற்கிறதா? முன்னது என்றால் காத்திருப்பார்கள், சில சமயம் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். பின்னது என்றால் பேச்சே வேறு. விலாக் குருத்தெலும்புக்கு வளையும் குணம் உண்டு என்பதால் குறுக்காகவும் நெடுக்காகவும் பார்க்கச் சொல்லுங்கள்.

சிடியில் மெல்லிய குருத்தெலும்பையும் பக்கத்துத் திசுவையும் பிரிப்பது சிரமம், கதிர்வீச்சும் உண்டு. எலும்பு கோணியிருக்கிறது என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் அது சரி. அல்ட்ராசவுண்டுக்கும் எல்லை உண்டு. காற்றைத் தாண்டி அலை போகாது, அதனால் மூக்கின் நடுத்தடுப்பின் ஆழத்தில் இருப்பதைக் கேட்காதீர்கள்.

கேட்டவர்
நன்றி டாக்டர். ஒருமுறை எடுத்தால் கிராஃப்ட் கரைகிறதா என்றும் தெரிந்துவிடுமா?

பதில் 2
தெரியாது. இன்றைக்குத் தடிமன் 3 மில்லிமீட்டர் என்றால், வைத்தபோது எவ்வளவு? ஒப்பிட எதுவும் இல்லையே. இதை முதல் அளவாக வைத்துக்கொண்டு, சில மாதம் கழித்து அதே இடத்தில், முடிந்தால் அதே ஆளிடம், மறுபடி எடுங்கள். எலும்பு முடியும் விளிம்பிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் கீழே அளந்தார்கள் என்று ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள். ஆபரேஷன் குறிப்பையும் கொண்டுபோங்கள். எங்கே என்ன வைத்தார்கள் என்று தெரியாமல் பார்ப்பவர் தையலைக்கூட கிராஃப்ட் என்பார்.

அப்புறம், சிவந்து, சூடாகி, வலி கூடினாலோ சீழ் வந்தாலோ ஸ்கேனுக்குத் தேதி வாங்கிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஆபரேஷன் செய்த டாக்டரைப் பாருங்கள்.