தூண்டுதிறனா, கிளர்திறனா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

மூளையின் மேலடுக்கான புறணி ஒரு தூண்டலுக்கு எவ்வளவு எளிதில் எழுகிறது என்ற குணத்தை ஆங்கிலத்தில் 'கார்ட்டிகல் எக்ஸைட்டபிலிட்டி' என்பார்கள். நான் தயாரிக்கிற கையேட்டுக்காக அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்தவை புறணித் தூண்டுதிறன், மூளைக் கிளர்ச்சி, புறணித் துலங்குதிறன். மூன்றுமே எனக்கு ஒப்பவில்லை. நான் முன்வைப்பது புறணிக் கிளர்திறன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் அப்பத்தாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. காரைக்குடியிலிருந்து மதுரைக்கு ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். தலைமேல் காந்தச் சுருளை வைத்து மூளையைத் தூண்டிப் பார்க்கிற காந்தத் தூண்டல் சோதனைக்கு முன்னால் கையெழுத்துக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் 'தங்கள் மூளையின் கிளர்ச்சி அளவிடப்படும்' என்று இருந்தது. அப்பத்தா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "ஏப்பா, எனக்குப் புத்தி பேதலிச்சிருச்சுன்னு நெனைக்கிறாகளா?" என்றார். கையெழுத்துப் போட வைக்க அரை மணி நேரம் ஆனது. கிளர்ச்சி என்றால் நம் ஆட்களுக்குக் கொடி பிடிப்பது, இல்லையென்றால் மனசு நிலைகொள்ளாமல் போவது. ஒரு சொல் சரியில்லாததால் ஒரு வயதான மனுஷி பயந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன், அதனால்தான் இதில் இவ்வளவு பிடிவாதம்.

அடுத்து தூண்டுதிறன். எங்கள் வளவில் சாயங்காலம் விளக்கேற்றினால், சுடர் மங்கும்போது அப்பத்தா ஒரு ஈர்க்குச்சியால் திரியைத் தூண்டிவிடுவார். தூண்டுவது குச்சி, எரிவது திரி. எண்ணெய் நன்றாக ஊறிய திரி லேசாகத் தொட்டாலே நிமிர்ந்து எரியும். தண்ணீர் பட்ட திரியை எத்தனை தடவை தூண்டினாலும் படபடவென்று பொரிந்துவிட்டு மங்கிப்போகும். நாம் பெயர் தேடுவது திரியின் அந்தக் குணத்துக்கு. தூண்டு என்பது செயப்படுபொருள் குன்றாத வினை, ஆகவே தூண்டுதிறன் என்றால் தூண்டுகிறவனின் திறன், அதாவது தலைமேல் வைக்கிற காந்தச் சுருளின் திறன். கிளர் அப்படியில்லை. அது தானே எழுவது. பிறரை எழுப்பினால் கிளர்த்து என்று ஆகிவிடும். கிளர்திறன் வினைத்தொகை, நடுவில் ஒற்றும் வேண்டாம். வேதியியலில் கிளர்வு நிலை என்று படித்தவர்களுக்கு இது புதுசாகவும் இருக்காது.

துலங்குதிறன் நல்ல சொல்தான், தூண்டல்–துலங்கல் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஆனால் அந்தச் சோதனையில் துலங்குவது கைத்தசை, அதை வைத்து நாம் ஊகிப்பது புறணியின் நிலை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் குழப்பம்தான்.

அளக்கும் முறையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பார்க்கர் குழுவினர் செய்து காட்டிய காந்தத் தூண்டல்தான் இதற்கு அடிப்படை. எட்டு வடிவச் சுருளைத் தலையில், கையை அசைக்கிற இயக்கப் புறணிப் பகுதிக்கு மேலே வைக்கிறார்கள். டக்கென்று ஒரு சத்தம், ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான காந்தத் துடிப்பு, ஏறத்தாழ 20 மில்லி விநாடி கழித்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள தசையில் ஒரு மின் அலை. 10 தடவையில் 5 தடவையாவது 50 மைக்ரோவோல்ட் அலை வருகிற மிகக் குறைந்த துடிப்பு வலிமைதான் தொடக்க அளவு. அதை அந்தக் கருவியின் உச்ச வலிமையில் இத்தனை சதவீதம் என்று குறிப்பார்கள். தொடக்க அளவு குறைந்தால் கிளர்திறன் கூடியிருக்கிறது என்று அர்த்தம், தலைகீழ் உறவு, கையேட்டில் இதைக் கட்டாயம் எழுத வேண்டும். அப்பத்தாவிடம் "கையைத் தளர விடுங்கம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னதற்கும் காரணம் உண்டு, தசையை லேசாக இறுக்கினாலே தொடக்க அளவு இறங்கிவிடும். வலப்பக்கத் தலையில் சுருளை வைத்தபோது அந்த விழுந்த கையின் ஆள்காட்டி விரல் ஒரு துளி உசும்பியது. அலை வந்தால் கை திரும்புவதற்கான நம்பிக்கை கூடுதல் என்று மருத்துவர் சொன்னபோது அப்பத்தா விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு விஷயம், கிளர்திறன் ஒரே எண்ணில் அடங்குவதில்லை. 1993-ல் குஜிராய் குழுவினர் வெளியிட்ட இரட்டைத் துடிப்பு முறையில், முதலில் தொடக்க அளவுக்குக் கீழே ஒன்று, அடுத்து மேலே ஒன்று கொடுக்கிறார்கள். இடைவெளி 2, 3 மில்லி விநாடி என்றால் தசை அலை சுருங்குகிறது, 10–15 என்றால் பெருக்கிறது. வலிப்புக்குக் கொடுக்கிற கார்பமசெபின், ஃபெனிடாயின் தொடக்க அளவை ஏற்றும். பதற்றம் தணிக்கிற லோரசெபாம் வகை மருந்துகள் அதைத் தொடாமல் அந்தச் சுருக்கத்தை மட்டும் கூட்டும். அதனால் குணத்துக்குக் கிளர்திறன் என்று ஒரே பெயர், அளவைகளுக்குத் தனித்தனிப் பெயர்: தொடக்க அளவு, தசைத் துலங்கல், இரட்டைத் துடிப்பு ஒடுக்கம்.

புறணி என்றால் புறம்பேசுவதுதானே என்று ஒருவர் கேட்டிருந்தார். இங்கேயும் 'புறணி பேசாதே' என்பார்கள். ஆனால் பெருமூளைப் புறணி பாடநூலில் ஊன்றிவிட்டது, மரப்பட்டை என்ற பழைய பொருளும் பொருத்தமாக இருக்கிறது, விட வேண்டாம்.

மீதி இருப்பது 'சைலன்ட் பீரியட்'. தசையை இறுக்கிப் பிடித்திருக்கும்போது துடிப்புக் கொடுத்தால், அலைக்குப் பிறகு தசையின் மின்சலனம் கொஞ்ச நேரம் அப்படியே அடங்கிவிடுமே, அதற்கு. மௌன காலம் எனக்குப் பிடிக்கவில்லை, அடங்குபொழுது என்று போட்டு வைத்திருக்கிறேன். இங்கே இயன்முறை சிகிச்சைக்கு வருகிற வீட்டாருக்கான கையேடு இது, முதல் பக்கம் தட்டச்சாகிவிட்டது. மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள், மாற்றிவிடுகிறேன்.