முதன்முறையாக வெளிநாட்டில் நாமே காரோட்டிச் செல்லும் பயணம்: நியூசிலாந்துத் திட்டம் குறித்து ஆலோசனை தேவை

கோவைப் பயணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் ஏப்ரல் பிற்பகுதியில், மகனின் பள்ளி விடுமுறையையொட்டி, குடும்பத்துடன் நியூசிலாந்து செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். நான், மனைவி, ஆறு வயது மகன், என் அம்மா என நான்கு பேர். பயண நிறுவனத்தின் குழுவோடு போகாமல், வாடகைக் கார் எடுத்து நாங்களே ஊர் ஊராகச் சென்று தங்குவது என்று முடிவு செய்திருக்கிறோம். வால்பாறை, ஊட்டி மலைச்சாலைகளில் அடிக்கடி ஓட்டிய பழக்கம் உண்டு என்றாலும் வெளிநாட்டில் இதுவரை ஓட்டியதில்லை.

விடுப்பு இரண்டு வாரம்தான் கிடைக்கும். ஆக்லாந்தில் இறங்கி, ரொட்டோருவா வழியாக வெலிங்டன் சென்று, கப்பலில் காரோடு பிக்டனுக்குக் கடந்து, கைகோரா, கிறைஸ்ட்சர்ச், டெக்காப்போ ஏரி, குயின்ஸ்டவுன், மலைகளுக்கிடையே கடல் புகுந்திருக்கும் மில்ஃபோர்டு சவுண்ட், அங்கிருந்து மேற்குக் கரையின் பனியாறுகளைப் பார்த்துவிட்டு மீண்டும் கிறைஸ்ட்சர்ச் வந்து விமானம் ஏறுவது என்பது இப்போதைய திட்டம். ஏறத்தாழ ஒவ்வொரு இரவும் வேறு ஊரில் தங்க வேண்டியிருக்கும். கூகுள் வரைபடம் ஒரு நாளைக்கு நான்கு அல்லது ஐந்து மணி நேரம்தான் காட்டுகிறது என்பதால் இது இயலும் என்று நினைக்கிறேன். அம்மாவுக்கு மூட்டுவலி இருப்பதால் நெடுநேரம் நடக்க இயலாது; நாங்கள் அனைவரும் சைவ உணவு உண்பவர்கள். இந்தத் திட்டம் சரிதானா, எதை மாற்ற வேண்டும், ஆவணங்களில் எவற்றையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தெற்குத்தீவுவாசி எழுதியது:

வணக்கம் நண்பரே. நான் கிறைஸ்ட்சர்ச்சில் வசிக்கிறேன். இங்கு வரும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் இதே பாதையைப் பலமுறை திட்டமிட்டுக் கொடுத்திருக்கிறேன். உங்கள் பட்டியலில் உள்ள ஊர்கள் அனைத்தும் பார்க்க வேண்டியவைதான், ஆனால் இரண்டு வாரத்தில் இரண்டு தீவுகள் என்பது மிக அதிகம். வடக்குத் தீவை இம்முறை முழுமையாக விட்டுவிடுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். சிங்கப்பூரிலிருந்து கிறைஸ்ட்சர்ச்சுக்கு நேரடி விமானம் இருப்பதால், கோவையிலிருந்து சிங்கப்பூர் வழியாக நேரே தெற்குத் தீவில் வந்து இறங்கிவிடலாம்.

வரைபடம் காட்டும் நேரத்தை நம்பித் திட்டமிடுவதுதான் முதன்முறை வருபவர்களுக்குச் சிக்கலாகிறது. இங்கு நெடுஞ்சாலை என்றால் பெரும்பாலும் நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலைதான். திறந்த சாலையில் உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர் என்றாலும், மலை வளைவுகளில் மஞ்சள் பலகைகள் 35 அல்லது 45 என்று அறிவுறுத்தும். அவற்றை மதித்துத்தான் ஓட்ட வேண்டும். இதோடு, புக்காக்கி ஏரியின் நீல நிறத்தைக் கண்டும் வண்டியை நிறுத்தாமல் போகிறவர் எவரும் இல்லை. எனவே கூகுள் மூன்று மணி நேரம் என்றால் குழந்தையோடும் பெரியவரோடும் ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் பிற்பகுதியில் குயின்ஸ்டவுன் பக்கம் மாலை ஆறு மணி சுமாருக்குச் சூரியன் மறைந்துவிடும். விளக்கில்லாத மலைச்சாலையில் இருட்டில் ஓட்டும் நிலை வராதபடி, நான்கு மணிக்குள் தங்குமிடம் சேருமாறு திட்டமிடுவது நல்லது.

ஒவ்வொரு ஊரிலும் குறைந்தது இரண்டு இரவுகள் தங்குங்கள். ஒரே இரவு என்றால் பெட்டியைக் கட்டுவதிலும் பிரிப்பதிலும் காலை பத்து மணிக்குள் அறையைக் காலி செய்வதிலுமே நாள் போய்விடும். அம்மாவுக்கும் ஓய்வு கிடைக்காது. மில்ஃபோர்டு சவுண்டைப் பொறுத்தவரை, குயின்ஸ்டவுனிலிருந்து ஒரே நாளில் போய்வருவது என்பது ஒருபுறம் மட்டும் ஏறத்தாழ 290 கிலோமீட்டர். ஒரே ஓட்டுநர் அதைச் செய்வதை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை. தே அனாவ் ஊரில் தங்குங்கள். அங்கிருந்து மில்ஃபோர்டு சுமார் 120 கிலோமீட்டர்தான், ஆனால் வழியில் பெரும்பாலும் கைபேசி அலைவரிசை கிடைக்காது. தே அனாவிலேயே பெட்ரோலை முழுமையாக நிரப்பிக்கொண்டு, வரைபடத்தையும் பதிவிறக்கி வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

அந்தச் சாலை இறுதியில் ஹோமர் சுரங்கத்துக்குள் நுழைகிறது. மலையைக் குடைந்து 1954-இல் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்ட அந்தச் சுரங்கம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம் கொண்டது. உள்ளே மில்ஃபோர்டு பக்கமாகச் செங்குத்தாக இறங்குகிறது. பாறைச் சுவர்கள் அப்படியே செதுக்கிவிட்ட கோலத்தில் இருக்கும், மேலிருந்து தண்ணீர் சொட்டும். நுழைவாயிலில் சிவப்பு விளக்குக்காகக் காத்திருக்கும்போது கியா என்னும் மலைக்கிளிகள் காரின் மேல் வந்து அமர்ந்து, கதவோரத்து ரப்பரை அலகால் இழுத்துப் பிய்க்கும். உங்கள் மகனுக்கு அது பெரிய வேடிக்கையாக இருக்கும். ஆனால் அவற்றுக்கு உணவு கொடுக்க வேண்டாம். மனித உணவு அவற்றுக்குத் தீங்கானது. மேலும் மில்ஃபோர்டில் ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. மழை நாளில் பாறை முகடு முழுவதும் அருவிகள் வழிவதே அந்த இடத்தின் தனி அழகு என்பதால், மழையைக் கண்டு படகுச் சவாரியை ரத்து செய்துவிடாதீர்கள்.

சாலையோரம் எழுதியது:

மேலே நண்பர் சொன்னவற்றோடு ஆவணங்களையும் வண்டியையும் பற்றிச் சில செய்திகளைச் சேர்க்கிறேன். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு விசா தேவை. அதற்கான கால அவகாசத்தைக் கணக்கிட்டுக்கொண்டு, பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் தங்குமிடங்களைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டின் ஓட்டுநர் உரிமம் ஆங்கிலத்தில் இருப்பதால் சுற்றுலாப் பயணி அதைக் கொண்டே அங்கு ஓட்டலாம் என்பது சட்டம். ஆயினும் சில வாடகை நிறுவனங்கள் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் கேட்பதுண்டு. உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 4ஏ மூலம் விண்ணப்பித்தால் ஓராண்டுக்குச் செல்லுபடியாகும் அனுமதி கிடைக்கும்; கடவுச்சீட்டு நகலை உடன் வைக்க வேண்டும். அசல் உரிமத்தை வீட்டில் வைத்துவிட்டு அனுமதியை மட்டும் கொண்டுபோனால் பயனில்லை, இரண்டும் கையில் இருக்க வேண்டும்.

அங்கும் இடப்புறமாகவே ஓட்டுகிறார்கள் என்பது நமக்குப் பெரிய வசதி. பழக வேண்டியவை வேறு சில. ரவுண்டானாவில் வலப்புறமிருந்து வரும் வண்டிக்குத் தவறாமல் வழிவிட வேண்டும். நிறுத்தற்பலகை இருந்தால் சாலை வெறிச்சோடிக் கிடந்தாலும் சக்கரம் முழுமையாக நிற்க வேண்டும். ஒருவழிப் பாலங்கள் தெற்குத் தீவில் ஏராளம். அவற்றின் முன் உள்ள பலகையில் உங்கள் திசைக்கான அம்பு சிவப்பாகவும் சிறியதாகவும் இருந்தால் எதிரே வருபவருக்கு நீங்கள் வழிவிட வேண்டும் என்று பொருள். நடுக்கோடு உங்கள் பக்கம் தொடர்ச்சியான மஞ்சளாக இருந்தால் முந்தவே கூடாது. உங்கள் பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டால் ஓரமாக அகலப்படுத்தப்பட்டிருக்கும் இடத்தில் ஒதுங்கி அவர்களைப் போகவிடுங்கள். மெதுவாக ஓட்டுவதை எவரும் குறை சொல்ல மாட்டார்கள், வழிவிடாமல் ஓட்டுவதைத்தான் குறை சொல்வார்கள். நம் மலைச்சாலைகளில் வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்கும் பழக்கத்தை அங்கே விட்டுவிட வேண்டும்.

உங்கள் மகனுக்கு ஆறு வயது என்பதால் குழந்தை இருக்கை கட்டாயம். ஏழு வயது நிறையும்வரை அங்கு அதுதான் சட்டம். காரைப் பதிவு செய்யும்போதே அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காப்பீட்டில், விபத்து நேர்ந்தால் நீங்கள் ஏற்க வேண்டிய தொகை எவ்வளவு, கண்ணாடியும் டயரும் அதில் அடங்குமா, சரளைக்கல் சாலைகளில் செல்ல அனுமதி உண்டா என்ற மூன்றையும் எழுத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். வைப்புத்தொகை ஓட்டுநர் பெயரில் உள்ள கடன் அட்டையில்தான் பிடிக்கப்படும். வண்டியை எடுக்கும்போது நான்கு பக்கமும் சக்கரங்களையும் முன்கண்ணாடியையும் காணொளியாக எடுத்து வைத்துக்கொள்வது பின்னால் வரும் வாக்குவாதங்களைத் தவிர்க்கும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. இரவு விமானத்தில் சரியாகத் தூங்காமல் வந்து இறங்கியவுடன் காரை எடுத்துக்கொண்டு டெக்காப்போவுக்குக் கிளம்பாதீர்கள். முதல் நாள் கிறைஸ்ட்சர்ச்சில் தங்கித் தூங்கிவிட்டு, மறுநாள் காலையில் வண்டியை எடுத்து ஊருக்குள் அரைமணி நேரம் ஓட்டிப் பழகிய பிறகு நெடுஞ்சாலைக்குச் செல்லுங்கள்.

மலர்க்கொடி வீடு எழுதியது:

நாங்கள் மாமனார் மாமியாருடன் இதே தீவில் காரோட்டிச் சுற்றியவர்கள் என்பதால் வீட்டுப் பக்கத்துச் செய்திகளைச் சொல்கிறேன். ஓட்டல் அறைக்குப் பதிலாகச் சமையலறையுடன் கூடிய மோட்டல் அறைகளைப் பாருங்கள். அடுப்பு, பாத்திரம், குளிர்சாதனப் பெட்டி எல்லாம் இருக்கும். கார் வாசலிலேயே நிற்கும். பெரும்பாலும் தரைத்தளம் என்பதால் அம்மா படியேற வேண்டியதில்லை. சிறிய குக்கர் ஒன்றை எடுத்துப் போனால் போதும். அரிசி, பருப்பு, தயிர், காய்கறிகளைக் கிறைஸ்ட்சர்ச்சில் வாங்கி வைத்துக்கொண்டால் டெக்காப்போ போன்ற சிற்றூர்களில் விலை அதிகமாக இருந்தாலும் கவலையில்லை. நாங்கள் காலையிலேயே எலுமிச்சைச் சாதமும் தயிர்ச்சாதமும் கட்டிக்கொண்டு ஏரிக்கரை மேசைகளில் உட்கார்ந்து சாப்பிட்டோம். உணவகம் தேடி நேரத்தை வீணாக்கவில்லை.

ஊரிலிருந்து கொண்டுபோகும் உணவில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. வருகை அறிக்கையில் உணவு ஏதும் இருக்கிறதா என்ற கேள்விக்கு, ஒரு பொட்டலம் பருப்புப் பொடி இருந்தாலும் ஆம் என்றே எழுதுங்கள். அறிவித்தால் அதிகாரி பார்த்துவிட்டு அனுமதிப்பார், அல்லது எடுத்துவிடுவார், அவ்வளவுதான். அறிவிக்காமல் பையில் ஓர் ஆப்பிள் அகப்பட்டாலும் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம். விதைகள், பழங்கள், நெய்யும் பாலும் சேர்ந்த இனிப்புகள், தேன் ஆகியவற்றை வீட்டிலேயே விட்டுவிடுவது நல்லது. மண் ஒட்டிய காலணிகளைக்கூடச் சோதிப்பார்கள், கழுவித் துடைத்து வையுங்கள்.

ஏப்ரல் 25 அங்கு போர்வீரர்களை நினைவுகூரும் ஆன்சாக் நாள். பிற்பகல் ஒரு மணிவரை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பால் வாங்குவதை முந்தைய நாளே முடித்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் அங்கும் பள்ளி விடுமுறை வருவதால் அறைகளை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். மில்ஃபோர்டில் மணல் ஈக்கள் கடித்தால் நாள்கணக்கில் அரிக்கும். குழந்தைக்கு முழுக்கைச் சட்டையும் பூசும் களிம்பும் கட்டாயம்.

கோவைப் பயணி எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. வடக்குத் தீவை விட்டுவிட்டோம். கிறைஸ்ட்சர்ச், டெக்காப்போ, குயின்ஸ்டவுன், தே அனாவ் வரை உறுதியாகிவிட்டது. தே அனாவிலிருந்து கிறைஸ்ட்சர்ச் திரும்புவதற்கு மட்டும் இரண்டு எண்ணங்கள் உள்ளன: வானக்கா, ஹாஸ்ட் கணவாய் வழியாகப் பனியாறுகளைப் பார்த்து ஆர்தர்ஸ் பாஸ் வழியே வருவது, அல்லது டனீடன், ஓமரு வழியாகக் கிழக்குக் கரையில் வருவது. மனைவிக்குப் பனியாற்றைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அதிகம். எது நல்லது? மேலும், காருக்குப் பதிலாகத் தங்கும் வசதியுள்ள கேம்பர்வேன் எடுக்கலாமா என்றும் நண்பர் ஒருவர் கேட்கிறார்.

தெற்குத்தீவுவாசி எழுதியது:

உங்கள் குடும்பத்துக்குக் கிழக்குக் கரைதான் ஏற்றது. மேற்குக் கரை எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஆனாலும் ஃபாக்ஸ், ஃபிரான்ஸ் ஜோசஃப் ஆகிய இரு பனியாறுகளும் வெகுதூரம் பின்வாங்கிவிட்டன. முன்புபோல் பள்ளத்தாக்கில் நடந்து பனியின் அருகே செல்ல முடியாது. பனியின் மேல் கால்வைக்க ஹெலிகாப்டர்தான் வழி. அதுவும் மேகம் சூழ்ந்தால் ரத்தாகும், கட்டணமும் அதிகம். வானக்காவிலிருந்து ஹாஸ்ட் வழியாக ஃபாக்ஸ் வரை சுமார் 260 கிலோமீட்டர். இடையில் ஊர் என்று சொல்லத்தக்கது குறைவு, கனமழையில் மண்சரிந்து சாலை மூடப்படுவதும் உண்டு. அப்படி மூடிவிட்டால் மாற்றுப்பாதை என்பது தீவையே சுற்றி வருவதாகிவிடும். திரும்பும் விமானத்துக்கு நெருங்கிய நாள்களில் அந்தச் சிக்கல் வேண்டாம்.

மனைவியின் ஆசைக்கு வேறு வழி இருக்கிறது. டெக்காப்போவில் தங்கும்போது ஒரு நாள் மவுண்ட் குக் கிராமத்துக்குப் போய்வாருங்கள், ஒருபுறம் சுமார் 105 கிலோமீட்டர். மவுண்ட் குக்கின் மற்றொரு பெயரான அவொராக்கி என்னும் 3,724 மீட்டர் உயரச் சிகரத்தையும் அதைச் சூழ்ந்த மலைகளில் தொங்கும் பனிப்பாளங்களையும் அம்மா காரில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். நீங்கள் இருவரும் டாஸ்மன் பனியாற்று ஏரியின் காட்சிமுனைக்கு ஏறி வரலாம். படிகள் உண்டு, ஆனால் தொலைவு குறைவு. டெக்காப்போ, இரவு வானம் தெளிவாகத் தெரிய விளக்கொளியைக் கட்டுப்படுத்தும் விண்மீன் காப்பகப் பகுதியில் இருப்பதால், நிலவில்லாத இரவு அமைந்தால் பால்வெளி வீதி அறை வாசலிலிருந்தே தெரியும். தேதிகளை முடிவு செய்யும் முன் நாட்காட்டியில் அமாவாசை என்றைக்கு என்று பார்த்துவிடுங்கள்.

கிழக்குக் கரையில் தே அனாவிலிருந்து டனீடன் சுமார் 290 கிலோமீட்டர், பெரும்பகுதி புல்வெளிச் சமநிலம், ஓட்டுவதற்கு எளிது. டனீடனில் இரண்டு இரவுகள் தங்கினால் ஒட்டாகோ தீபகற்பத்தில் அல்பட்ரோஸ் பறவைகளையும் கடல்சிங்கங்களையும் காணலாம். அடுத்து ஓமருவில் ஓரிரவு மட்டும் போதும். அந்தி மயங்கியதும் நீலப் பென்குயின்கள் கூட்டம் கூட்டமாகக் கடலிலிருந்து கரையேறிப் பொந்துகளுக்குப் போவதை இருக்கையில் அமர்ந்து பார்க்க வசதி செய்திருக்கிறார்கள். குழந்தைக்கும் அம்மாவுக்கும் அதைவிடப் பொருத்தமான மாலை வேறில்லை. வழியில் மொயராக்கி கடற்கரையில் உருண்டைப் பாறைகள் இருக்கின்றன, அரைமணி நேரம் நின்று பார்க்கலாம். ஓமருவிலிருந்து கிறைஸ்ட்சர்ச் சுமார் 250 கிலோமீட்டர். விமானத்துக்கு முந்தைய இரவைக் கட்டாயம் கிறைஸ்ட்சர்ச்சில் கழியுங்கள்.

கேம்பர்வேன் குறித்து: இளைஞர்கள் இருவர் என்றால் நானும் ஆம் என்பேன். ஏப்ரல் இறுதியில் இரவு வெப்பநிலை மலைப்பகுதிகளில் உறைநிலையை ஒட்டிப் போகும். மூட்டுவலி உள்ளவர் படியேறிப் படுப்பதும் நள்ளிரவில் குளிரில் வெளியே கழிவறைக்குப் போவதும் கடினம். மேலும் முதன்முறை வெளிநாட்டில் ஓட்டும்போது நீளமான வண்டியோடு மலைக்காற்றில் போராட வேண்டாம். நல்ல அகலமான டிக்கி உள்ள தானியங்கிக் கியர் காரே போதும். நான்கு பேருக்கான பெட்டிகளின் அளவை முன்பே சொல்லிவிட்டுப் பதிவு செய்யுங்கள். மே மாதம் தொடங்கினால் மில்ஃபோர்டு சாலையில் பனிச்சங்கிலி வைத்திருக்கச் சொல்லிப் பலகை போடும் நாள்களும் வரும் என்பதால், மில்ஃபோர்டு நாளை ஏப்ரல் மாதத்துக்குள் வருமாறு முன்னால் தள்ளுங்கள். கிளம்பும் நாள் காலையில் நெடுஞ்சாலைத் துறையின் இணையதளத்தில் சாலை நிலவரத்தைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

தேதிகள் உறுதியானதும் இங்கே பதியுங்கள். எந்த ஊரில் எத்தனை இரவு என்று ஒருமுறை சரிபார்த்துச் சொல்கிறேன்.