'அசால்ட்' என்ற ஆங்கில வினைச்சொல்லோடு உங்கள் அனுபவம் என்ன?

கோவைக்காரன்:
எங்கள் ஆபீஸில் ஜூனியர் பையன் ஒருவன் கஷ்டமான டெமோவை அலட்டிக்கொள்ளாமல் முடித்தான். பாராட்டி மெயில் போட்ட டீம் லீட், 'ஹி ஹேண்டில்ட் த கிளையண்ட் இன் அன் அசால்ட் வே' என்று எழுதிவிட்டார். அமெரிக்காவில் இருக்கும் மேனேஜரும் அதைப் படித்தார். "கிளையண்டுக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்று உடனே ஒரு பதில். நம் ஊரில் 'அசால்ட்டா முடிச்சிட்டான்' என்பது பாராட்டு. அங்கே அது ஆளைத் தாக்கும் குற்றம். இந்தச் சொல் வேறு யாரையெல்லாம் படுத்தியிருக்கிறது? எழுதுங்கள்.

டூட்டி டாக்டர்:
கேஷுவாலிட்டியில் எங்களுக்கு இது தினசரிச் சொல். அடிதடியில் காயம்பட்டு யார் வந்தாலும் ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரில், அதாவது ஏ.ஆர். புத்தகத்தில், பதிய வேண்டும். எத்தனை பேர், தெரிந்தவர்களா, எதனால் அடித்தார்கள், எங்கே, எத்தனை மணிக்கு என்று வந்தவர் சொல்வதை எழுதுவோம். 'அலெஜ்ட் டு ஹேவ் பீன் அசால்டட் பை த்ரீ நோன் பெர்சன்ஸ்' என்றுதான் வரி ஆரம்பிக்கும். அதில் 'அலெஜ்ட்', அதாவது 'அப்படிச் சொல்லப்படுகிறது' என்பது முக்கியம். அடித்ததை நாம் பார்க்கவில்லையே.

புதிதாக வரும் ஹவுஸ் சர்ஜன்கள், அதாவது பயிற்சி டாக்டர்கள், அவசரத்தில் வாக்கியத்தைச் சுருக்குவார்கள். அப்படி ஒருவர் 'பேஷண்ட் அசால்டட் த்ரீ பெர்சன்ஸ்' என்று எழுதிவைத்தார். 'வாஸ்' போச்சு, 'பை' போச்சு. தலையில் தையலோடு முனகிக்கொண்டிருந்த மனுஷன், ஏட்டின்படி மூன்று பேரை அடித்துப் போட்டவர்! கையெழுத்துப் போடும் முன் சீனியர் கண்ணில் பட்டதால் பிழைத்தது. அந்த ஏ.ஆர். நகல் போலீஸுக்கும் கோர்ட்டுக்கும் போகும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

மதுரை வக்கீல்:
டாக்டர் எழுதும் அசால்ட் வேறு, சட்டப் புத்தகத்து அசால்ட் வேறு. சட்டத்தில் உடம்பில் கை படவே வேண்டியதில்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 351ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 130. இப்போது அடி விழப்போகிறது என்று எதிரில் இருப்பவர் அஞ்சும்படி ஒரு சைகையோ ஆயத்தமோ செய்தால் போதும். பிரிவுக்குள்ளேயே உதாரணங்கள் உண்டு: முஷ்டியை ஆட்டிக் காட்டுவது, கம்பைக் கையில் எடுத்து 'உன்னை அடிக்கப்போகிறேன்' என்பது, கடிநாயின் வாய்க்கட்டை அவிழ்க்கத் தொடங்குவது. நாய் இன்னும் கடிக்கவில்லை, ஆனால் அசால்ட் முடிந்துவிட்டது!

வரப்புத் தகராறில் வந்த கட்சிக்காரர் ஒருவர், "அவன் என்னைத் தொடவே இல்லை சார், அரிவாளை ஓங்கினான், அவ்வளவுதான்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். ஐயா, அந்தப் பிரிவு கேட்பதே அதைத்தான். இன்னொருவர் நேர் எதிர். "தெருவில் நிற்க வைத்து அசிங்க அசிங்கமாகத் திட்டினான், அசால்ட் போடுங்க" என்று ஒற்றைக்காலில் நின்றார். வெறும் வாய்ச்சொல் அசால்ட் ஆகாது என்று சட்டமே தெளிவாகச் சொல்கிறது. பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டினால் அதற்கு அதே சன்ஹிதாவில் 296ஆம் பிரிவு இருக்கிறது.

அடி விழுந்து வலித்தாலே அது 'ஹர்ட்', தனிக் குற்றம். எலும்போ பல்லோ முறிந்தால் 'கிரீவியஸ் ஹர்ட்'. நம் பேச்சில் மனசு புண்படுவதுதான் ஹர்ட். இந்தப் பிரிவில் உடம்பு வலி, நோய், உடல் நலிவு மட்டும்தான் கணக்கு.

சிங்கை வாசி:
வக்கீல் சொன்ன 351 இங்கேயும் அதே எண். சிங்கப்பூர் தண்டனைச் சட்டம் இந்தியச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டது. இங்கிலாந்தில்தான் இரண்டாகப் பிரிப்பார்கள். பயமுறுத்தினால் அசால்ட், கை பட்டால் பேட்டரி. ஊரிலிருந்து வந்திருந்த மாமா 'அசால்ட் அண்ட் பேட்டரி' என்ற லண்டன் செய்தியைப் படித்துவிட்டு, "கார் பேட்டரியாலயா மாப்ள அடிச்சான்?" என்று கேட்டார். பாவம், அவர்மேல் என்ன தப்பு!

இங்கிலீஷ் வாத்தியார்:
பிள்ளைகள் பேப்பரில் அதிகம் திருத்துவது 'ஹி அசால்டட் ஆன் மீ'. வினையாக வரும்போது 'ஆன்' கிடையாது, 'ஹி அசால்டட் மீ' போதும். பெயராக வந்தால் 'ஆன்' வேண்டும், 'அன் அசால்ட் ஆன் எ டீச்சர்' என்பது போல. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் 'எ டாக் அசால்டட் மீ' என்று லீவ் லெட்டர் கொடுத்தான். நாய்க்கு 'அட்டாக்' போதும், இல்லையென்றால் நேராக 'பிட்' என்று எழுது என்றேன். லீவ் கொடுத்தாயிற்று, ஊசி மட்டும் மறக்காமல் போடச் சொல்லி அனுப்பினேன்.