மருந்து பட்டுக் கருகிய டிரோசெரா நாற்றுகள்: எது பிழைத்தது, எப்படி

டிரோசெரா கேப்பென்சிஸ், அதாவது இலை மயிர்களின் நுனிச் சுரப்பியில் ஊறும் பசையால் பூச்சியைப் பிடித்து உண்ணும் செடி; விதைத்து இரண்டு மாதம், நாற்று ஒவ்வொன்றும் 3 மி.மீ. அகலம். தொட்டியில் ஃபங்கஸ் நாட் என்கிற குட்டிக் கறுப்பு ஈயின் புழு இருந்ததால் லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், 1 மி.லி. பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து அடித்தது. கத்தரிக்கும் செம்பருத்திக்கும் இது வழக்கமான அளவுதான். இங்கே மறுநாளே இலையில் பசைத்துளி இல்லை. மூன்றாம் நாள் மயிர்கள் பழுப்பாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

காரணம் இலையின் அமைப்பில் இருக்கிறது. சாதாரண இலைக்கு மெழுகுத்தோல் காவல். டிரோசெராவின் சுரப்பிகள் இரையின் சத்தை உறிஞ்ச வேண்டும் என்பதால் அவற்றின் மேல்தோலில் நுண்துளைகள் உண்டு. டார்வின் 1875-இல் வெளியிட்ட சோதனைகளில், அம்மோனிய உப்பு மிக மிக நீர்த்த நிலையில் பட்டாலே மயிர்கள் வளைந்தன. அந்தச் சுரப்பி சோப்பையும் அப்படியே குடித்துவிடும்.

அடித்து ஒரு மணி நேரத்துக்குள் என்றால் மழைநீரையோ ஆர்.ஓ. நீரையோ புகைபோலத் தெளித்துக் கழுவுங்கள். அதன் டிடிஎஸ் (கரைந்துள்ள உப்பின் அளவு) 50 பிபிஎம்-க்குக் கீழே இருக்க வேண்டும். எண்ணெய் காய்ந்த பிறகு அதை எடுக்க இன்னொரு முறை சோப்பு போடவே கூடாது.

* * *

இலையைப் போலவே தொட்டி மண்ணையும் கழுவ வேண்டும், அந்த முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மேலிருந்து ஊற்றினால் நாற்று மிதந்து ஓரத்தில் குவிந்துவிடும், வேர் அவ்வளவு மேலோட்டம். 20 மி.லி. சிரிஞ்சில் ஊசியைக் கழற்றிவிட்டு, தொட்டியின் உள்விளிம்பை ஒட்டி மெதுவாக விடுங்கள். 3 அங்குலத் தொட்டிக்கு மொத்தம் ஒன்றரை லிட்டர், ஒரே நாளில், இடைவெளி விட்டு.

வடிந்த தண்ணீரைத் தட்டில் விடாதீர்கள். தட்டு நீரைப் பீட் (தொட்டியில் மண்ணாகப் போடும் மட்கிய பாசி) மேலே இழுக்கும், மேற்பரப்பில் நீர் ஆவியாகும், மருந்து மட்டும் அங்கேயே தங்கும். நாற்றின் வேர் இருப்பதும் அந்த முதல் ஒரு சென்டிமீட்டரில்தான். கழுவி முடிந்து இரண்டு வாரம் கழித்து நாற்று சாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

* * *

மேலே சொன்ன கழுவல் சோப்புக்குச் சரி. பூஞ்சைக்கு அடிக்கும் தாமிர மருந்துக்குப் போதாது. காப்பர் ஆக்ஸிகுளோரைடின் தாமிரம் பீட்டோடும் பாசியோடும் இறுகப் பிடித்துக்கொள்ளும், எவ்வளவு ஊற்றினாலும் முழுதாக இறங்காது. போர்டோ கலவை இன்னும் மோசம், சுண்ணாம்பும் சேர்ந்து அமில மண்ணைக் கெடுத்துவிடும். தொட்டியில் உயிருள்ள ஸ்பேக்னம் பாசி இருந்தால் அதைப் பாருங்கள். நாற்று வாடும் முன்பே பாசியின் தலை பச்சை மங்கி வெளுக்கும்.

அந்த நிலையில் நாற்றை மாற்றியே ஆக வேண்டும். பல்குச்சியின் முனையை ஈரமாக்கி, வேரைச் சுற்றி மிளகளவு மண்ணோடு தூக்கி, நனைத்துப் பிழிந்த புதுப் பாசியில் வையுங்கள். குருத்து புதையக் கூடாது. நேர்வெயில் வேண்டாம். மேலே மூடி போட்டாலும் தினமும் பத்து நிமிடம் திறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் சாம்பல் பூசணம் வந்துவிடும்.

* * *

குழல் இலையில் பூச்சி பிடிக்கும் சாரசீனியாவில் வேறொரு மருந்துச் சேதம்: ஜிப்ரெல்லிக் அமிலம் என்கிற வளர்ச்சி ஊக்கி. குளிர்காலம் காட்டாமல் விதையை முளைக்க வைக்க இதில் ஊறப் போடுகிறார்கள். அளவு கூடினால் முளைத்தண்டு நூலாக நீண்டு சாய்ந்துவிடும். மாற்று மருந்து கிடையாது. பொடியாக நறுக்கிய பாசியை விதையிலை வரை அணைத்து, வெளிச்சத்தைக் கூட்டுங்கள். சில நிமிரும், பல நிமிராது. ஈரப்பாசியோடு ஜிப் கவரில் போட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் 4 முதல் 6 வாரம் வைத்தாலே போதும், இந்த அமிலம் தேவையே இல்லை.

* * *

உயிர் இருக்கிறதா என்று பார்க்க 10 மடங்கு லென்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். வெளி இலைகள் எல்லாம் கருகியிருந்தாலும், நடுவில் குண்டூசித் தலையளவு சுருண்ட குருத்து பச்சையாக இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். கருகிய இலையில் பசை திரும்பாது, புது இலையில்தான் வரும். அதுவரை உரமோ இரையோ கொடுக்கக் கூடாது.

ஈப் புழுவுக்கு பிடிஐ (Bti) என்கிற, புழுவைக் கொல்லும் பாக்டீரியாத் தூள் போதும், அது செடியைத் தொடாது. வேறு மருந்து தவிர்க்க முடியாவிட்டால் லேபிளில் இ.சி. (EC, நீரில் பால்போலக் கலக்கும் திரவ மருந்து) என்று இருப்பதை வாங்காதீர்கள். அதில் உள்ள கரைப்பானே இலையைச் சுடும். நீரில் கலக்கும் தூள் வகையை எடுத்து, பாதி அளவில், ஓரத்தில் நான்கே நாற்றுக்கு மட்டும் தெளித்துப் பத்து நாள் பாருங்கள். அந்த நான்கின் புது இலையில் பசைத்துளி வந்தால் மற்றவற்றுக்கும் அடிக்கலாம்.